வெளிநாட்டுக் காசு ஊருக்குள் வந்துசேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணம் கூடியதா குறைந்ததா என்ற செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. 2020 இல் 7.1 பில்லியன் டொலர், 2022 இல் 3.8 பில்லியன், 2024 இல் 6.6 பில்லியன் என்று இலங்கையின் நாட்டுக் கணக்கு போகிறது. அதில் ஒரு துளி வன்னியின் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருக்கும் ஒரு தாயின் கைக்கு எத்தனை ரூபாவாக, எத்தனை பஸ் ஏறி இறங்கிய பிறகு வந்து சேர்கிறது என்பதை எந்தக் கணக்கும் சொல்வதில்லை. கிராமியக் கூட்டுறவுக் கடன் வேலையில் இருக்கும் நாங்கள் அந்தக் கடைசித் தூரத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். எழுதும்போது ஆபிரிக்காவைத் துணைக்கு எடுக்கிறோம். வங்கி இல்லாத கிராமம், போரில் சிதறிய குடும்பம், பிள்ளை வெளிநாட்டில் என்ற அதே நிலையில் இருந்த ஊர்கள் அங்கே கடந்த இருபது ஆண்டுகளில் செய்து பார்த்தவற்றில் சில சரிவந்தன, சில பெரும் தொல்லையாக முடிந்தன. இரண்டும் நமக்குத் தேவை.

முதலில் விலை. காசு அனுப்பும் செலவு என்றதும் எல்லோரும் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். மற்றப் பகுதி நாணய மாற்று வீதத்துக்குள் இருக்கிறது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். சந்தையில் ஒரு சவூதி ரியால் 80 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் 20 ரியால் கட்டணம் எடுத்து, ரியாலுக்கு 78 ரூபா 40 சதம் தருகிறது. 1,000 ரியால் கொண்டுபோனால் 980 ரியால்தான் மாற்றப்படும். ஊரில் கிடைப்பது 76,832 ரூபா. 80,000 உடன் ஒப்பிட்டால் போனது 3,168 ரூபா, ஏறக்குறைய 4 வீதம். பற்றுச்சீட்டில் கண்ணுக்குத் தெரிவது 2 வீதம் மட்டுமே.

பக்கத்து நிறுவனம் 'கட்டணம் இலவசம்' என்று பலகை தொங்கவிட்டு, 76 ரூபா 80 சதம் தருகிறது. 1,000 ரியாலுக்கு 76,800 ரூபா. இலவசம் என்றவர் 32 ரூபா குறைவாகத் தந்திருக்கிறார். ஆனால் அதே இருவரிடம் 300 ரியால் கொண்டுபோய்ப் பாருங்கள். கட்டணம் எடுப்பவர் தருவது 21,952 ரூபா. எட்டரை வீதம் போய்விட்டது. இலவசக்காரர் தருவது 23,040. இப்போது இலவசம்தான் 1,088 ரூபா இலாபம். 980 ரியாலில் இரண்டும் சமன். அதற்குக் கீழே இலவசக்காரர், மேலே கட்டணக்காரர். ஆகவே சிறுகச் சிறுக அனுப்புபவருக்கு ஒரு வழி, இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து அனுப்புபவருக்கு இன்னொரு வழி. 'எது மலிவு' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. 'இன்று இத்தனை ரியால் தந்தால் ஊரில் எத்தனை ரூபா எண்ணித் தருவீர்கள்' என்று இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். உலக வங்கியும் கட்டணத்தையும் மாற்று வீத இழப்பையும் கூட்டித்தான் செலவைக் கணக்கிடுகிறது. 2030 இற்குள் அந்த மொத்தச் செலவு 3 வீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்கா அதற்கு வெகு தொலைவில் நிற்கிறது. உலகிலேயே காசு அனுப்பச் செலவு கூடிய பகுதி அதுதான்.

ஏன் அங்கே அவ்வளவு விலை? விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம் 2009 இல் ஒரு கணக்கெடுத்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கொண்ட அந்தக் கண்டம் முழுவதிலும் வெளிநாட்டுக் காசு கொடுக்கும் இடங்கள், மெக்சிக்கோ என்ற ஒரே நாட்டில் இருந்த அளவுக்குத்தான் இருந்தன. அவற்றிலும் ஏறக்குறைய 65 வீதம் இரண்டு பெரிய அனுப்பு நிறுவனங்களின் கைக்குள். அந்த நிறுவனங்கள் வங்கிகளோடும் தபால் திணைக்களங்களோடும் ஒப்பந்தம் எழுதும்போது, 'எங்கள் காசை மட்டும் கொடுக்க வேண்டும், வேறொருவர் காசைக் கொடுக்கக் கூடாது' என்ற வாசகத்தைச் சேர்த்திருந்தன. கிராமத்தில் ஒரேயொரு கருமபீடம். அதுவும் ஒருவருக்கு மட்டும். வேறு நிறுவனம் மலிவாக அனுப்பினாலும் வாங்க இடமில்லை. அந்த வாசகத்தைத் தடைசெய்த பிறகுதான் நைஜீரியா போன்ற நாடுகளில் புதியவர்கள் உள்ளே வர முடிந்தது. நம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ கடையோ முகவராகக் கையெழுத்திடப் போனால், ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான்.

அடுத்தது கென்யாவின் எம்-பெசா என்ற தொலைபேசிப் பணச் சேவை. 'பெசா' என்றால் சுவாகிலி மொழியில் காசு. 2007 மார்ச்சில் சபாரிகொம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கியது. பலர் அதை ஒரு தொலைபேசி விந்தையாகச் சொல்கிறார்கள். அதன் உயிர் மூலைக்கடையின் லாச்சிக்குள் இருக்கிறது. எப்படி என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூரில் இதைச் செய்யப் புறப்படுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சீனி, சவர்க்காரம், ரீலோட் விற்கும் கடைக்காரர் முகவராகிறார். அவரிடம் இரண்டு பணம் இருக்க வேண்டும்: லாச்சியில் நோட்டு, தொலைபேசியில் மின்பணம். நகரத்திலிருக்கும் மகன் அனுப்பிய தொகை தாயின் தொலைபேசிக்கு வந்திருக்கும். அவர் கடைக்கு வந்து, அடையாள அட்டையைக் காட்டி, தன் இரகசிய இலக்கத்தை அழுத்தி, மின்பணத்தைக் கடைக்காரருக்கு மாற்றுகிறார். இருவருடைய தொலைபேசிக்கும் குறுஞ்செய்தி வந்த பிறகு கடைக்காரர் நோட்டை எண்ணிக் கொடுக்கிறார். கொப்பியில் திகதி, தொகை, அட்டை இலக்கம், கையொப்பம். இவ்வளவுதான். மின்பணத்துக்கு ஈடான உண்மைப் பணம் வங்கியில் நம்பிக்கைக் கணக்கில் தனியாக இருப்பதால் தொலைபேசி நிறுவனம் அதைத் தன் செலவுக்கு எடுக்க முடியாது.

இனி, காலையில் கடைக்காரரிடம் 50,000 நோட்டும் 50,000 மின்பணமும் இருக்கின்றன என்று வைப்போம். நான்கு பேர் வந்து ஆளுக்கு 10,000 எடுக்கிறார்கள். இப்போது லாச்சியில் 10,000, தொலைபேசியில் 90,000. ஐந்தாவது ஆள் 15,000 கேட்கிறார். கடைக்காரர் நட்டப்படவில்லை, அவருடைய பணம் ஒரு சதமும் குறையவில்லை. ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருக்கிறது. மின்பணத்தை நோட்டாக்க அவர் நகர வங்கிக்கோ தனக்கு மேலுள்ள பெரிய முகவரிடமோ ஓட வேண்டும். ஓடும் நேரம் கடை பூட்டு. நகரத்துக் கடையில் காசு போடுபவர் அதிகம், அங்கே மின்பணம் தீர்ந்துபோகும். கிராமத்துக் கடையில் எடுப்பவர் அதிகம், நோட்டு தீர்ந்துபோகும். கென்யாவில் பாடசாலைத் தவணை தொடங்கும் கிழமைகளில் இந்த இறுக்கம் கூடும். இரண்டு முறை 'காசில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர் மூன்றாம் முறை அந்தக் கடைக்குப் போகமாட்டார், பஸ் ஏறி நகரத்துக்கே போய்விடுவார்.

வன்னியில் இந்த இறுக்கம் எப்போது வரும் என்பதைக் கமக்காரரே சொல்வார். காலபோக விதைப்புக்கு முன், உழவு கூலிக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு தேடும் புரட்டாதி, ஐப்பசியில் எல்லோரும் எடுக்க வருவார்கள். கடைகளிலோ கடன் கொப்பிதான் நிறைந்திருக்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து நெல் விற்ற காசு ஊருக்குள் வரும்போது கடை லாச்சி நிரம்பும், எடுப்பவர் குறைவு. ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவு கையிருப்பு என்று தீர்மானிப்பது பிழை.

ஒரு சுமாரான கணக்கு இது. ஒரு கிராமியக் கூட்டுறவு வங்கிக் கிளையில் மாதம் 40 குடும்பங்கள், குடும்பத்துக்கு 40,000 ரூபா எடுக்கின்றன என்றால் மொத்தம் 16 இலட்சம். அதை 20 வேலை நாளால் பிரித்து 'நாளுக்கு 80,000 போதும்' என்று முடிவெடுக்கக் கூடாது. வெளிநாட்டுச் சம்பளம் வந்த கையோடு, முதல் ஐந்து நாளில் பாதிப்பேர் வந்தால் நாளுக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம் வேண்டும். அதில் ஒரு நாள் இரட்டிப்பானால் 3 இலட்சத்து 20 ஆயிரம். அந்த அளவு நோட்டை வைத்திருக்க இரட்டைச் சாவிப் பெட்டகமும், இரவுக் கையிருப்புக்கும் வழியில் கொண்டுவரும் காசுக்கும் காப்புறுதியும் வேண்டும். காப்புறுதி எல்லை 2 இலட்சம் என்று எழுதிவிட்டு 3 இலட்சம் வைத்திருந்தால், களவு போனபின் சங்கம் தன் கைக்காசைத்தான் கட்ட வேண்டும். முழுவதும் 5,000 ரூபாத் தாளாக எடுத்து வந்தால் 12,000 கேட்பவருக்கு மாற்றிக் கொடுக்க வழியில்லை. நூறும் ஐந்நூறும் ஆயிரமுமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு அதைச் செய்ய வேண்டுமா என்றால், வேண்டும். டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் கென்யாவில் பல ஆண்டு ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட முடிவு இதற்கு ஆதாரம். எம்-பெசாவால் 194,000 குடும்பங்கள், அதாவது அந்நாட்டுக் குடும்பங்களில் 2 வீதம், கடும் வறுமையை விட்டு மேலே வந்ததாக அவர்கள் மதிப்பிட்டனர். அவர்கள் அளந்தது, வீட்டுக்குக் கிட்ட முகவர் கடைகள் எந்தளவு கூடின என்பதைத்தான். பெண் தலைமைக் குடும்பங்களுக்குக் கிடைத்த பயன் மற்றவர்களைவிடக் கூடுதல். போரில் துணையை இழந்த பெண்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில் இந்த ஒரு வரியை அதிகாரிகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். கணக்கு வைத்திருக்கும் வயது வந்தோர் சகாராவுக்குத் தெற்கே 2011 இல் 23 வீதம்; 2021 இல் 55 வீதம். அந்த உயர்வில் பெரும் பங்கு தொலைபேசிக் கணக்குகளுடையது.

நம் நாட்டிலும் 2012 முதல் ஈசி காஷ் என்ற தொலைபேசிப் பணச் சேவை இருக்கிறது. வங்கிகளுக்கிடையே உடனே காசு மாற்றும் வசதியும் இருக்கிறது. கருவி உண்டு. ஏ9 வீதியோரம் வங்கிகளும் வரிசையாக உண்டு. வீதியை விட்டு உள்ளே போகப் போகத்தான் குறைகிறது. நாட்டில் 3,000 இற்கு மேல் உப தபாலகங்கள் இருக்கின்றன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகள் இருக்கின்றன. இவற்றை, எல்லா நிறுவனங்களின் காசையும் கொடுக்கும் இடங்களாக, போதிய கையிருப்போடு இயங்க வைப்பதுதான் எங்கள் கோரிக்கை. பெனின், கானா, மடகஸ்கார், செனகல் ஆகிய நாடுகளில் தபாலகங்கள் வழியே இதை முயன்றார்கள். பெயர்ப்பலகை மாட்டுவது சுலபம். கருமபீடத்தில் நோட்டும், மின்சாரமும், அறாத இணைப்பும் வைத்திருப்பதுதான் வேலை.

வாங்கப் போகுமிடத்தில் காசு நிற்பதற்கு இன்னொரு காரணம் பெயர். அனுப்புபவர் 'சிவபாக்கியம்' என்ற பெயரை ஆங்கிலத்தில் எஸ்.ஐ. என்று தொடங்குகிறார், அடையாள அட்டையில் எஸ்.எச்.ஐ. என்று இருக்கிறது. அல்லது தகப்பன் பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதிவிடுகிறார். கருமபீடத்தில் இருப்பவர் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. திருத்தம் அனுப்பியவர்தான் செய்ய வேண்டும். அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தால் அடுத்த விடுமுறை நாள் வரை வெளியே போக முடியாது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். அட்டையைப் புதுப்பித்தவர் வங்கியில் அதைப் பதியாவிட்டாலும் தாமதம்தான். வெளிநாடு போகுமுன் அடையாள அட்டையின் இரு பக்கத்தையும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படமெடுத்துத் தொலைபேசியில் வைத்திருங்கள். கணக்கு இலக்கத்தோடு வங்கிக் குறியீடும் கிளைக் குறியீடும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135. கிளைக்கு மூன்று இலக்கம்.

போகும் பெண் தன் பெயரில் தனிக் கணக்கொன்று கட்டாயம் வைத்திருக்க வேண்டும். முழுச் சம்பளத்தையும் கணவன் கணக்குக்கோ சகோதரன் கணக்குக்கோ அனுப்பிவிட்டு, இரண்டு வருடம் கழித்து வந்து வெறும் புத்தகத்தைப் பார்த்து அழும் பெண்கள் இங்கே குறைவில்லை. தன் கணக்குக்கு அனுப்பி, அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையியற் கட்டளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அரை மணி நேர வேலை.

வங்கிக்கு வெளியே ஆள்வழியாகக் காசு அனுப்பும் உண்டியலைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வீட்டு வாசலில் காசு, கேள்வியில்லை, படிவமில்லை, வங்கியைவிட நல்ல வீதம். போர்க்காலத்தில் வேறு வழியே இல்லாமல் மக்கள் பழகியது. சோமாலியாவிலும் 1991 இல் அரசும் வங்கியும் வீழ்ந்தபின் இதே வகையான 'ஹவாலா' தான் நாட்டைத் தாங்கியது. 2001 நவம்பரில் அமெரிக்கா அல்-பரகாத் என்ற பெரிய அனுப்பு நிறுவனத்தை மூடியபோதும், 2013 இல் பிரித்தானியாவின் பார்க்ளேய்ஸ் வங்கி அனுப்பு நிறுவனங்களின் கணக்குகளை மூடப் புறப்பட்டபோதும் திண்டாடியது அந்தக் காசில் அடுப்பு மூட்டிய குடும்பங்களே. மாற்று வழி திறக்காமல் இருக்கும் வழியை அடைப்பது அநியாயம். ஆனாலும் உண்டியலின் கெடுதியை மறைக்க மாட்டோம். பற்றுச்சீட்டு இல்லை, கொண்டுவருபவர் ஏமாற்றினால் முறையிட இடமில்லை. உங்கள் கணக்கில் யாரென்று தெரியாத ஒருவர் காசைப் போட்டிருப்பார். அவர் மீது விசாரணை வந்தால் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். வீடு கட்ட வங்கிக் கடன் கேட்கும்போது, பத்து வருடம் வந்த காசுக்கு ஒரு வரி ஆதாரமும் இருக்காது.

மக்கள் ஏன் உண்டியலுக்குப் போகிறார்கள் என்பதற்கு விடை வீதத்தில் இருக்கிறது. 2021 இல் நம் மத்திய வங்கி டொலரை 203 ரூபா அளவில் பிடித்து வைத்தது. வெளியே அதைவிட நல்ல விலை. முதலில் டொலருக்கு 2 ரூபா, அந்த டிசெம்பரில் மேலும் 8 ரூபா ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு நைஜீரியாவும் டொலருக்கு 5 நைரா கொடுத்துப் பார்த்தது. இரண்டு நாட்டிலும் சந்தை இடைவெளி ஊக்கத்தொகையை விழுங்கியது. இங்கே 2021 இல் 5.5 பில்லியனாகக் குறைந்த வரவு 2022 இல் 3.8 பில்லியனுக்கு வீழ்ந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டு இடைவெளி அடங்கிய பின், 2023 இல் 6 பில்லியனை நெருங்கியது. உண்டியலைக் குறைக்க நோட்டீஸ் ஒட்டுவதைவிட வீதத்தை ஒழுங்காக வைத்திருப்பது பலன் தரும். வரி போட்டும் கெடுக்கலாம்: உகாண்டா 2018 ஜூலையில் தொலைபேசிப் பணத்துக்கு 1 வீத வரி போட்டது, எதிர்ப்பு கிளம்பி சில மாதத்தில் எடுக்கும் தொகைக்கு மட்டும் அரை வீதமாகக் குறைத்தது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, இதை நாங்கள் அடித்துச் சொல்கிறோம். கென்யாவில் 2012 இல் எம்-பெசாவோடு எம்-ஷ்வாரி என்ற கடனை ஒட்டினார்கள். தொலைபேசியில் இரண்டு பொத்தான், உடனே கடன். 30 நாளுக்கு 7.5 வீதம் 'கட்டணம்'. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 90 வீதத்தைத் தாண்டும். பின்னால் வந்த கடன் செயலிகள் இன்னும் மோசம்; ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து, சின்னத் தொகைக்காகக் கடன் தகவல் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் ஏராளம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற நுண்கடன் வசூலிப்பை வன்னிப் பெண்கள் மறக்கவில்லை. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் கடனை அரசு தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் போட வேண்டிவந்தது. வெளிநாட்டுக் காசு மாதாமாதம் வருகிறது என்பதைத் தொலைபேசிப் பதிவில் பார்த்து, அதையே பிணையாக்கிக் கடனைத் திணிக்கும் திட்டத்தோடு வருபவர்களை ஊருக்குள் விட வேண்டாம். காசு வாங்கும் கருமபீடம் வேறு, கடன் கருமபீடம் வேறாக இருக்கட்டும். சேமிப்பும், அடைவில் இருக்கும் நகையை மீட்கும் தவணைத் திட்டமும் முன்னுக்கு வரட்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையில் தங்க விலையும் டொலர் விலையும் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் கிழமைக்கு ஒருமுறை சிறிய கட்டம் ஒன்று போட முடியுமா? சவூதி, கட்டார், குவைத், அமீரகத்திலிருந்து முக்கியமான வழிகள் ஒவ்வொன்றிலும் சிறிய தொகையொன்றையும் பெரிய தொகையொன்றையும் அனுப்பினால், கட்டணமும் வீதமும் போக ஊரில் எண்ணித் தருவது எத்தனை ரூபா என்ற ஒரே எண் போதும். அதை வெட்டியெடுத்துக் கிராமிய வங்கிகளின் சுவரில் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூட்டுறவுக் கடன் பணியாளர்கள் சிலர்,
வன்னி.